கேட்கத் துணிந்த ஒரு கேள்வி

நம் சங்கத்தில் ஓர் அங்கத்தினருக்குக் கஷ்டம் நேர்ந்ததென்று தெரிந்தவுடன் நாம் செய்யும் முதற்காரியம், மேலிடத்துக்கு மகஜர் எழுதுவதுதான். மகஜர் வேண்டாமென்று நான் கூறவில்லை. ஆனால் அதை எழுதுமுன், கூடியிருப்பவர்களைப் பார்த்து, “உங்களில் யாராவது இவருக்கு உதவ முடியுமா?” என்று கேட்கிறோமா? எவரும் முன்வரமாட்டார்கள் என்று நாமே முடிவுகட்டி, வாய் திறவாமல் இருந்துவிடுகிறோம். அந்த முடிவு எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு நெசவாளர் ஊரின் சரித்திரமே சாட்சி.

தெலுங்கானாவில் உள்ள போச்சம்பள்ளியை நம் நெசவாளர்கள் நன்கறிவார்கள். நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து நெய்யப்படும் அவ்வூர்ச் சேலைகள் நாடெங்கும் புகழ் பெற்றவை. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி ஆசாரிய விநோபா பாவே கால்நடையாக அவ்வூருக்கு வந்தார். நிலத்தின் பொருட்டு அப்பிரதேசத்தில் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலம் அது. தாழ்த்தப்பட்ட மக்களில் நாற்பது குடும்பத்தார் அவரிடம் வந்து, பயிரிட்டுப் பிழைக்க 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று முறையிட்டனர்.

சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரும்படி சொல்லத்தான் விநோபாவுக்கும் முதலில் தோன்றியது. அதோடு அவர் நின்றிருந்தால் போச்சம்பள்ளியின் பெயரை இன்று இதற்காக யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவர் கூடியிருந்த ஊராரை நோக்கி, சர்க்கார் நிலம் கிடைக்கத் தாமதமானால் உங்களால் ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து, 100 ஏக்கர் தருவதாகக் கூறினார். கேட்டது எண்பது, கிடைத்ததோ நூறு! இதைக் கேட்டவரே எதிர்பார்க்கவில்லை.

பூமிதான இயக்கம் பிறந்தது இவ்விதமே. அந்தத் தெலுங்கானா யாத்திரையில் மட்டும் சுமார் 12,000 ஏக்கர் தானமாகக் கிடைத்தது. 1956, 57ஆம் ஆண்டுகளில் விநோபா நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் நடந்தார். நாடு முழுவதிலும் வாக்களிக்கப்பட்ட நிலம் நாற்பது லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டது.

நூறு ஏக்கரைச் சிறிய செயல் என்று எவ்வாறு சொல்வது என்று சிலர் வினவலாம். உண்மைதான். தானம் பெரிது. ஆனால் அதைத் தூண்டியது ஒரு சிறு கேள்வியே. அயலானிடம் நல்ல மனம் இருக்கக்கூடும் என்று நம்பாதவன் அக்கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. வாக்களிக்கப்பட்ட நிலம் முழுவதும் ஏழைகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. சில பாறை நிலங்கள். சில வழக்கில் சிக்கியவை. சில காகிதத்தோடு நின்றுவிட்டன. உள்ளம் நெகிழ்ந்து சொன்ன சொல்லை மறுநாள் பின்தொடர்ந்து நிறைவேற்றப் போதிய ஏற்பாடு இல்லாவிட்டால் நேருவது இதுவே.

கூட்டுறவுக்காரர்களாகிய நமக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. நம்மிடம் கணக்கேடு உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு, மாதந்தோறும் கூடிக் கேட்கும் வழக்கமும் உண்டு. மழைநீர் குழித்தறியில் புகுந்து பாவு நனைந்துபோன நெசவாளிக்கு ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் தறியிட இடம் கொடுக்கலாம். விதைநெல்லை இழந்த குடியானவனுக்கு ஒருவர் இரண்டு மரக்கால் அளக்கலாம். கடனுக்கு ஆளில்லாமல் நிற்கும் இளைஞனுக்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்திடலாம். ஒருவர் எழுந்தால் அடுத்தவருக்கும் உட்கார்ந்திருக்க மனம் வராது. யார், எதை, என்றைக்குள் கொடுப்பது என்பதை அங்கேயே புத்தகத்தில் பதிந்து, அடுத்த கூட்டத்தில் வாசிக்கவும் வேண்டும்.

அங்கத்தினர்களே! அடுத்த கூட்டத்தில் மகஜரை எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் அக்கேள்வியை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எழுந்து நிற்கப் போகிறவர் யார் என்பது கேட்கும்வரை நமக்குத் தெரியாது.