ஊருக்கு வா என்று அவர்களை அழைக்காதீர்கள்

மருதமுனை தொட்டுப் பொத்துவில் வரை வாழும் எங்கள் ஊரவர்களுக்கு, அமெரிக்காவில் புகலிடம் பெற்றவர்களின் வீட்டார் ஒன்றுசேர்ந்து எழுதும் வேண்டுகோள் இது.

சென்ற மாதம் எங்களில் ஒருவரின் உம்மா மௌத்தானார். குளிப்பாட்டிக் கபனிட்டு முடியும் வரை மகன் போனில் இருந்தார். சந்தூக்கைத் தூக்கும் நேரம், "உம்மாட மௌத்துக்கும் வராத மகன் என்ன மகன்?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மகனின் காதில் அது விழுந்தது.

அவர் ஏன் வரவில்லை என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டதையும், 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதில் குண்டு வெடித்ததையும், பிறகு வந்த கைதுகளையும் நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் போனவர்கள், இலங்கையில் உயிருக்குப் பயம் என்று சொல்லியே புகலிடம் பெற்றார்கள். பயந்த நாட்டுக்கே திரும்பினால் அந்தப் பயம் மெய்தானா என்ற கேள்வி எழும். கிறீன் கார்ட் கிடைக்காமல் போகலாம்; கிடைத்த புகலிடமும் பறிபோகலாம். இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பித்தால்கூடக் கேள்வி வரும். அதனால்தான் கேட்கிறோம்: கலியாணத்துக்கும் வா, மௌத்துக்கும் வா என்று அவர்களை அழைக்காதீர்கள்.

புகலிடம் பெற்று ஒரு வருடம் அங்கே இருந்தவர் கிறீன் கார்டுக்குத் தகுதி பெறுகிறார். ஆனால் கைரேகை, பாதுகாப்புச் சோதனை, மருத்துவ அறிக்கை என்று எதிலாவது ஒன்றில் ஃபைல் நின்றுவிட்டால் வருடங்கள் ஓடிவிடும். யுத்த காலத்தில் வயலுக்குப் போய்வரப் புலிகளுக்குக் கப்பம் கட்டிய வாப்பாமார் நம்மிடையே இருக்கிறார்கள். 1997இல் அமெரிக்கா புலிகளைப் பயங்கரவாத இயக்கமாக அறிவித்திருந்ததால், அப்படிப் பயந்து கொடுத்தவர் அங்கே விண்ணப்பித்தால் அந்தக் காசும் இயக்கத்துக்குச் செய்த உதவியாகவே கணக்காகி, ஃபைல் நின்றது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர்களுக்கு 2007இல்தான் விலக்கு அளிக்கத் தொடங்கினார்கள்.

பெயர்களும் ஃபைலை நிறுத்துகின்றன. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் முகம்மது, அடையாள அட்டையில் மொஹமட், நிக்காஹ் பதிவில் வெறும் 'எம்'. வாப்பாவின் பெயர் ஒன்றில் ஆதம்பாவா, இன்னொன்றில் ஆதம்லெப்பை. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். அங்கே மேசையில் இருக்கும் அதிகாரிக்கு அப்படி இல்லை. ஆகவே புகலிடம் பெற்றவர் ஒரு பத்திரம் கேட்டால், பிறகு பார்ப்போம் என்று விடாமல் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து அனுப்புங்கள். பிழை இருந்தால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அவருடைய சட்டத்தரணி சொல்லட்டும். மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் விண்ணப்பத்தைப் புகலிடம் கிடைத்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். கார்ட் வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. நிக்காஹ்வைப் பதியாத குடும்பங்கள் இதற்குள் படுகிற பாடு கொஞ்சமல்ல.

"ஃபைலைத் தள்ளிவிடுறன்" என்று காசு கேட்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முடங்கிய ஃபைலைப் பற்றி, ஃபைலுக்குரியவர் வசிக்கும் பகுதியின் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் காசில்லாமலே விசாரிக்கச் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் சட்டத்தரணி மூலம் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அந்தப் பாரம் காக்காமாரின் தலையில் விழுகிறது என்பதும் நமக்குத் தெரியும். "கார்ட் வந்திட்டா, தங்கச்சிட வீட்டு வேலை எப்ப?" என்று பெருநாளைக்குப் பெருநாள் கேட்பதை விடுங்கள். வந்தால் முதலில் சொல்லப்போவதே உங்களிடம்தான்.

இனி ஒரு ஜனாஸா வீட்டில் இப்படி ஒரு மகன் போனில் இருந்தால், போனைக் கையில் வாங்கி ஸலாம் சொல்லுங்கள். யார் தொழுவித்தார்கள், கபுறுக்குள் யார் இறங்கினார்கள், மையவாடியில் எந்த மரத்தடியில் அடக்கினார்கள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்பதற்காகத்தான் அவர் அந்த நேரத்தில் அங்கே விழித்திருக்கிறார்.