புள்ளியில் நேர்ந்த பிழை



சென்ற மாதம் ஒரு மாலை வேளையில், நான்காம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் தன் கணக்கு நோட்டுடன் நமது இல்லத்திற்கு வந்தான். உடன் வந்த தாயாரின் முகத்தில் சினம் தெரிந்தது. "இவனுக்குக் கணக்கே வரவில்லை, சாமி. நீங்களாவது இரண்டு அடி போட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

நோட்டை வாங்கிப் பார்த்தோம். காலை 9.15 மணிக்குப் புறப்பட்ட பேருந்து 11.05 மணிக்கு ஊர் சேர்ந்தது. பயண நேரம் எவ்வளவு என்பது வினா. சிறுவன் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடன் வாங்கிக் கழித்து, 1.90 என விடை கண்டிருந்தான். 1 மணி 90 நிமிடம்! அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

அவன் கழித்ததில் பிழை உண்டா? இல்லை. 11 ரூபாய் 5 காசிலிருந்து 9 ரூபாய் 15 காசைக் கழித்தால் 1 ரூபாய் 90 காசுதான் மிஞ்சும். ஆனால் கடன் வாங்கிய ஒரு ரூபாயில் 100 காசு உண்டு; கடன் வாங்கிய ஒரு மணியிலோ 60 நிமிடமே உண்டு. இல்லாத 40 நிமிடத்தை அவன் சேர்த்துக்கொண்டான். அதை நீக்கினால் 1 மணி 50 நிமிடம் என்னும் சரியான விடை கிடைக்கிறது. ரூபாய்க்கும் காசுக்கும் இடையே வைக்கும் அதே புள்ளியை மணிக்கும் நிமிடத்திற்கும் இடையே வைத்து, பிள்ளையைத் திகைக்கச் செய்தவர்கள் பெரியவர்களாகிய நாமே.

மணிக்கு ஏன் 60 நிமிடம் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பண்டைய பாபிலோனியர் அறுபது அறுபதாக எண்ணினர். அவ்வெண்ணை 2, 3, 4, 5, 6 ஆகிய அனைத்தாலும் மீதியின்றி வகுக்கலாம். வானியல் வழியே அம்மரபு நம் கடிகாரம் வரை வந்து சேர்ந்தது. நம் முன்னோரும் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793-ஆம் ஆண்டில் நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம் எனச் சட்டம் செய்தனர். மக்கள் வழக்கம் அதற்கு இணங்கவில்லை. 1795-இல் அக்கட்டாயத்தைக் கைவிட்டனர். ஆகவே கடிகாரம் மாறப்போவதில்லை. அதன் இயல்பைப் பிள்ளைக்கு உணர்த்துவதே நமது கடமை.

இத்தகைய கணக்கைக் கழித்துக் காண்பதினும் நடந்து காண்பது சிறுவர்க்கு எளிது. சிறுவனை முற்றத்திற்கு அழைத்துச் சென்று, சுண்ணக்கட்டியால் தரையில் நீண்ட கோடு ஒன்றை இழுத்து, 9, 10, 11, 12 என மணிகளைக் குறித்தோம். 9-ஐத் தாண்டிக் கால் பங்கு தொலைவில் அவனை நிறுத்தினோம். பத்து மணியாக இன்னும் எத்தனை நிமிடம் என்றோம். "நாற்பத்தைந்து" என்று சொல்லித் தாவினான். பத்திலிருந்து பதினொன்றுக்கு ஒரு மணி; அதன்பின் 5 நிமிடம். மூன்றையும் கூட்டி, "ஒரு மணி ஐம்பது நிமிடம்!" என்று தானே கூவினான்.

நள்ளிரவைத் தாண்டும் கணக்கிற்கும் இதுவே வழி. இரவு 9.20 மணிக்குப் புறப்படும் தொடர்வண்டி மறுநாள் காலை 5.45 மணிக்குச் சேர்ந்தால், ஐந்திலிருந்து ஒன்பதை எவ்வாறு கழிப்பது என்று பிள்ளை மலைக்கும். 12 மணியில் நின்று இளைப்பாறச் சொல்லுங்கள். அதுவரை 2 மணி 40 நிமிடம். அதன்பின் 5 மணி 45 நிமிடம். ஆக 7 மணி 85 நிமிடம். அதாவது 8 மணி 25 நிமிடம்.

தொடக்க நேரத்தைக் காண்பது இன்னும் கடினம்; ஆயினும் நாள்தோறும் நமக்கு வேண்டுவது அதுவே. பள்ளி மணி அடிப்பது 9.10-க்கு, நடக்க 25 நிமிடம், குளித்து உண்டு புறப்பட 50 நிமிடம். எப்பொழுது ஆயத்தமாகத் தொடங்க வேண்டும்? அதே கோட்டில் பின்னோக்கி நடக்க வேண்டும். 10 நிமிடம் பின்னே போனால் 9.00, இன்னும் 15 போனால் 8.45. அங்கிருந்து 45 போனால் 8.00, மேலும் 5 போனால் 7.55. இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளையைக் காலையில் விரட்ட வேண்டியிராது.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தாயார், தம் பையிலிருந்து ஒரு கூலிச் சீட்டை எடுத்து நீட்டினார். அவர் ஒரு தையற்கூடத்தில் வேலை செய்பவர். மாலை 5.30 முதல் 7.00 வரை நாள்தோறும் ஓவர்டைம். சீட்டில், 'நேரம் 1.30, மணிக்கு ரூ.80, ஆக ரூ.104' என்றிருந்தது.

"ஒன்றரை மணிக்கு நூற்றிருபது வரவேண்டுமே, சாமி? குறைகிறதுபோல் பலநாள் தோன்றியது. கால்குலேட்டர் போட்ட கணக்குத் தப்பாகுமா என்று பேசாமல் இருந்துவிட்டேன்" என்றார்.

மகனை ஏமாற்றிய அதே புள்ளி தாயையும் ஏமாற்றியிருந்தது. 1 மணி 30 நிமிடத்தை 1.30 என எழுதி, அதை அப்படியே 80-ஆல் பெருக்கியிருக்கின்றனர். அரை மணியைக் கணக்குக் கருவியில் .50 என்று போட்டிருக்க வேண்டும். வேண்டுமென்றே செய்ததென்று நாம் கூறமாட்டோம். ஆயினும் நாளுக்கு 16 ரூபாய், 25 நாள் வேலைக்கு 400 ரூபாய், ஓர் ஏழைக் குடும்பத்திற்கு இழப்பு. அவர் நாவில் வந்த 'ஒன்றரை' சரியாகவே இருந்தது. தாளில் ஏறிய புள்ளியே தவறு. கால், அரை, முக்கால் என நம் தமிழ் நேரத்தைப் பகுத்துச் சொல்லும் முறையைப் பிள்ளைகள் மறவாதிருப்பது எத்துணை நன்று!

மறு வாரம் அத்தாயார், மகன் தன் கையால் எழுதிக் கொடுத்த கணக்குடன் சென்று கேட்டிருக்கிறார். இனிமேல் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கின்றனர். பழைய பாக்கியைப் பற்றி இன்னும் பேச்சில்லை. அதையும் கேட்கும்படி கூறியிருக்கிறோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் நோட்டில் இத்தகைய சிவப்புக் குறியைக் கண்டால், கையை ஓங்குமுன் அவன் எவ்வழியே அவ்விடையை அடைந்தான் என்று கேளுங்கள். இன்றிரவு உலை வைக்கும்போது மணியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சோறு வடிக்கும்போது மீண்டும் கேளுங்கள். இடையில் சென்ற நேரம் எவ்வளவு என்று அவனே கண்டு சொல்லட்டும். நாளை எட்டு மணிக்குச் சோறு ஆகவேண்டுமானால் எப்பொழுது அடுப்பு மூட்ட வேண்டும் என்பதையும் அவனே உங்களுக்குச் சொல்வான்.