பெரிய தலை, சின்னத் தலை

தேதி போடாமல் யாராவது கல்யாணப் பத்திரிகை அடிப்பார்களா? சீனாக்காரர்கள் ஏறக்குறைய அதைச் செய்திருக்கிறார்கள். பத்திரிகை அல்ல, வெள்ளி டாலர். குடியரசு பிறந்ததன் ஞாபகார்த்தக் காசு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எந்த வருஷம் என்று மட்டும் கிடையாது!

அப்படி ஒன்றை எங்கள் வள்ளியூர் ஆபீசில் பக்கத்து சீட் தம்பி கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, தாத்தா பினாங்குல இருந்து கொண்டாந்தது. 1912-ஆம் வருஷத்துக் காசாம். மூணு லட்சம் தேறும்னு போன்ல ஒருத்தர் சொல்லுதாரு. தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகும்லா?"

"பணம் எப்பத் தருவாராம்?"

"மொதல்ல நாம கமிஷன் அஞ்சாயிரம் கட்டணுமாம்."

எனக்குப் பகீரென்றது. வாங்குகிறவன் எதற்கு நம்மிடம் பணம் கேட்கிறான்?

காசைப் பார்த்தேன். ஒரு பக்கம், பழைய ஹெட்மாஸ்டர் ஜாடையில் மீசைக்காரர். சன் யாட்-சென். மறுபக்கம், 'மெமென்ட்டோ, பர்த் ஆஃப் ரிபப்ளிக் ஆஃப் சைனா' என்று சீனக் காசில் இங்கிலீஷ்!

1910 நவம்பரில் இதே பினாங்கில் உட்கார்ந்து புரட்சிக்குத் திட்டம் போட்டவர் சன். 1912 ஜனவரி 1-ஆம் தேதி சீனக் குடியரசின் தற்காலிக ஜனாதிபதி ஆனார். அந்தக் குஷியில் அடித்ததுதான் இந்த டாலர். ஆனால் மூன்று மாதத்துக்குள் நாற்காலி யுவான் ஷிகாய் என்ற ராணுவக்காரரிடம் போய்விட்டது. அவர் 1914-இல் தன் தலையையே காசில் போட்டுக்கொண்டார். ஜனங்கள் வைத்த பட்டப்பெயர் 'பெரிய தலை'. 1915 கடைசியில் "இனி நானே சக்கரவர்த்தி" என்றார். எதிர்ப்பு கிளம்ப, 1916 மார்ச்சில் வேஷத்தைக் கலைத்தார். ஜூனில் போய்ச் சேர்ந்தார்.

சன் இறந்தது 1925-இல். 1927-இல் அவர் கட்சி நான்கிங்கில் ஆட்சி அமைத்தது. பெரிய தலையை இறக்க வேண்டுமே! 1912 டிசைனைத் தூசி தட்டி எடுத்து, அதே காசை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். இதற்குப் பெயர் 'சின்னத் தலை'. வருஷம் இல்லாததால் எது அண்ணன், எது தம்பி என்று குழப்பம்.

வித்தியாசம் இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவே இருக்கிற நட்சத்திரத்தில். ஐந்து முனை என்றால் 1912, அபூர்வம். ஆறு முனை என்றால் 1927-இல் தொடங்கி அடித்தது, நிறையக் கிடைக்கும். இரண்டிலும் போலி ஏராளம். நல்ல காசு ஏறக்குறைய 27 கிராம் இருக்கும். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே அல்ல.

தம்பி லென்ஸ் வைத்து எண்ணினான். ஆறு. முகம் தொங்கிப் போச்சு.

"விடுப்பா, அஞ்சாயிரம் லாபம்" என்றேன். சும்மா சொல்லவில்லை. தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, காசு வியாபாரத்துக்குக் கமிஷன், வரி என்று கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

பினாங்கு, ரங்கூன், கொழும்பு போய் வந்த டிரங்குப் பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். உள்ளே காசு கிடைத்தால் பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மதிப்பு போய்விடும். முதலில் நட்சத்திரத்தின் முனையை எண்ணுங்கள். ரூபாயை அப்புறம் எண்ணலாம்!