பல்லைப் பிடித்துத்தான் பார்ப்போம்

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று தொடங்குகிறது நண்பரின் கட்டுரை. புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பழமொழியை எடுத்துவிட்டாரே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சந்தைப்பேட்டைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். கிடாயின் கீழுதட்டை விரலால் இழுத்து "ரெண்டு பல்லா, நாலு பல்லா" என்று பார்க்காமல் அங்கே ஒருவரும் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. பல்லைப் பார்ப்பது வயசு தெரிவதற்காக. ஏரில் பூட்டப்போகிறவனுக்கு மாட்டின் வயசு தெரிந்தாக வேண்டும். அது காசுக்கு வந்ததா, சும்மா வந்ததா என்பது வேறு பேச்சு.

நடந்தது இதுதான். எங்கள் வட்டத்துத் தம்பி ஒருவன் ஃபயர்பாக்ஸில் செருகிக்கொள்ளும் அரட்டை நீட்சி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறான். அடியில் ஓடுவது பழைய இணைய அரட்டை நெறிமுறையான ஐ.ஆர்.சி.தான், இடையில் ஒரு வழங்கியை வைத்து ஒப்பேற்றியிருக்கிறான். அடுத்த பதிப்பில் என்னென்ன வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டான். கீழ ராஜ வீதியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் அக்கா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கர் என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுத்ததில் ஒரு நோட்டு பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் நண்பருக்குக் கொதிப்பு. இலவசமாகச் செய்கிறவனிடம் வசதி கேட்பது அநாகரிகமாம். பயனருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதாம். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சாட்ஸில்லாவைக் கொன்றார்களாம்.

கொலைக் குற்றச்சாட்டை முதலில் பார்த்துவிடுவோம். ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே ஐ.ஆர்.சி. அரட்டைக்கு வழி செய்த நீட்சி சாட்ஸில்லா. ராபர்ட் கிண்டா தொடங்கியது. பிறகு தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார்கள். பழைய பாணி நீட்சிகளைக் கைவிடப் போவதாக 2015 ஆகஸ்டில் அறிவித்தது ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா. 2017 நவம்பர் 14 அன்று ஃபயர்பாக்ஸ் 57 வந்தது. அன்றோடு அதில் சாட்ஸில்லாவுக்கு இடமில்லாமல் போயிற்று. புதிய முறையில் ஒரு நீட்சி ஐ.ஆர்.சி. வழங்கியோடு நேரடியாக இணைப்புப் போட்டுக்கொள்ள முடியாது. அந்த இணைப்பு இல்லாமல் சாட்ஸில்லா மூச்சுவிட முடியாது. மொசில்லாவுக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பழைய நீட்சிகள் உலாவியின் குடல் வரை கைவிட்டுக் குடையக்கூடியவை, பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் அது ஆகாது. ஆனால் இந்தக் கதையில் "இது வேண்டும், அது வேண்டும்" என்று கேட்ட பயனர் எங்கே வருகிறார்? "எங்கள் நீட்சிகளை எடுக்காதீர்கள்" என்று கத்தியவர்கள்தானே அவர்கள்? பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன் கையில் விலங்கு மாட்டுகிறார் நண்பர். சாட்ஸில்லா இன்றும் ஸீமங்கி உலாவியில் ஓடுகிறது என்பதையாவது கருமாதிப் பத்திரிகை அடிக்கும் முன் விசாரித்திருக்கலாம்.

அடுத்தது, பயனருக்கு ஒன்றும் தெரியாது என்ற வாதம். தமிழாசிரியர் நோட்டில் எழுதியது ஒரே வரி: 'நீளமாக எழுதினால் என் எழுத்துகளுக்குக் காலும் கொம்பும் உடைந்து விழுகின்றன.' நண்பர் இதை எடுத்துப் போட்டு, 'இது அரட்டையா, எலும்பு முறிவு வைத்தியசாலையா?' என்று நக்கலடித்திருக்கிறார். ஐயா, பென்சிலை எடுங்கள். ஐ.ஆர்.சி.யில் ஒரு செய்திக்கு 512 பைட்தான் இடம். 1993-ல் எழுதிவைத்த விதி, வரிமுடிவுக் குறியும் அதற்குள் அடக்கம். நம் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 11 பைட். தமிழில் 'புதுக்கோட்டை' ஆறே எழுத்து. ஆனால் யூனிகோடு அதை உயிர்மெய்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணி 12 குறியீடாக வைக்கிறது; யூ.டி.எஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 36. ஊர்ப் பெயரைப் பதினான்கு தடவை எழுதினால் பை நிறைந்துவிடும். அனுப்புகிறவர் பெயரும் அறையின் பெயரும் அதே பைக்குள் போவதால் உண்மையில் அதற்கு முன்பே நிறையும். அந்த இடத்தில் கத்தி எங்கே விழும்? எழுத்தைப் பார்த்து வெட்டத் தெரியாத நிரல் 'கோ'வின் நடுவில் வெட்டும். இந்த வரியில் மொட்டையாக ஒரு 'க' நிற்கும். அடுத்த வரி புள்ளிவட்டத்தை ஒட்டித் தொங்கும் கொம்போடும் காலோடும் தொடங்கும். பைட்டின் நடுவிலேயே வெட்டினால் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. பைட் என்றால் என்னவென்று ஆசிரியருக்குத் தெரியாதுதான். காலும் கொம்பும் உடைவது அவருக்குத்தான் தெரிந்தது. கணினி படித்த நண்பருக்குத் தெரியவில்லை.

கணக்கர் கேட்டதை 'இலக்கண வகுப்பு' என்று தள்ளிவிட்டார். தன் பெயரை யாராவது எழுதினால் மணியடிக்கும் வசதி நீட்சியில் இருக்கிறது. ஆனால் 'முருகன்' என்று மொட்டையாக எழுதினால்தான் அடிக்கிறது. 'முருகனுக்குச் சொல்லிவிடு', 'முருகனைக் கேள்' என்றால் ஊமை. ஏன்? வேற்றுமை உருபு ஏறியதும் 'ன்' மேலிருந்த புள்ளி போய் 'னு'வும் 'னை'யும் ஆகிவிடுகிறது. இயந்திரம் தேடுவது புள்ளி வைத்த 'ன்'னை. தமிழில் பெயரை மொட்டையாக எத்தனை வாக்கியத்தில் சொல்கிறோம்? நன்னூல் காலத்துப் பாடம் இது. ஆங்கிலத்தில் மட்டும் அரட்டையடிக்கிறவன் கனவிலும் கேட்கமாட்டான்.

இன்னொன்று, நண்பர் 'சோம்பேறித்தனம்' என்று பெயர் வைத்தது. ஒலிப்பு முறையில் தட்டும்போது கீழே விரியும் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எண்டரைத் தட்டினால், தேர்வும் ஆகிறது, செய்தியும் போய்விடுகிறது. துக்கம் விசாரிக்க ஆரம்பித்த ஒருவரின் செய்தி 'உங்கள் அப்பா' என்பதோடு போய் நின்றது. எழுத்துக்கோப்பு இன்னும் முடியவில்லை என்பதை உலாவியே நிரலுக்குச் சொல்லிவிடும். நிரலில் அதைக் கேட்டு நிற்க ஒரு வரி போதும்.

கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடு என்கிறவருக்கு இந்த மாவட்டத்தின் கதை ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 1991-ல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள் நம் கிராமத்துப் பெண்கள். ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். தெருவோரத்தில் நின்று கிண்டலடித்த ஆண்களும் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியபோது போகிறபோக்கில் ஒரு தகவல் சொல்கிறார்: லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது, ஆனால் பெண்களில் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஓடும் அந்தக் குறுக்குக் கம்பி. அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். பெண்ணுக்கு இதுதான் வசதி என்று நினைத்துக் கம்பியை எடுத்துவிட்டவர்களும் நண்பரைப் போலப் பயனரைவிட அதிகம் தெரிந்தவர்கள்தான்.

தம்பி எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நோட்டில் பைத்தியக்கார யோசனைகளும் உண்டு. செய்தி வரும்போது நாதஸ்வரம் ஒலிக்க வேண்டுமாம். அதை அவன் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டான். எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவன் உரிமை. கேட்கவே கூடாது என்று வாயைக் கட்ட நண்பருக்கு யார் பட்டா கொடுத்தது?

நண்பர் அதிகம் சிரித்தது டி.டி.பி. அக்காவின் யோசனையைப் பார்த்து. பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் நீட்சி தானே யூனிகோடுக்கு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். 'எந்தக் காலத்தில் இருக்கிறார் இந்த அம்மா?' என்பது நண்பரின் கேள்வி. அவருடைய கட்டுரை எங்கள் அரட்டை அறைக்கு வந்தபோது யாராலும் படிக்க முடியவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்த கூழ். பாமினியில் அடித்திருக்கிறார். அக்காதான் கடையைப் பூட்டும் நேரத்தில் உட்கார்ந்து அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். தன்னைத் திட்டியிருந்த பத்தியையும் ஒரு எழுத்துப் பிசகாமல்.