ஓடுகிற பிள்ளைக்குச் சோறு



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு புதுப் பேச்சையும் கொண்டுவருகிறார்கள். தேக்காவில் வாழையிலை போட்டுச் சோறு வைத்தால்கூட, கோழியையும் முட்டையையும் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார்களாம். ஓடுகிறவனுக்கு மாவுச்சத்து ஆகாதாம்! அண்ணன் பேச்சைக் கேட்டு எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனும் சோற்றை விட்டான். மூன்றாம் வாரம், திடலில் நான்காவது சுற்றிலேயே கால் துவண்டு உட்கார்ந்துவிட்டான்.

தேக்காவுக்குப் பக்கத்தில்தான் ஃபேரர் பார்க் திடல். சிங்கப்பூரின் பழைய ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்த இடம். பி. சி. சுப்பையாவை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வெறுங்காலோடு ஓடியவர், 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் போனவர். 1973இல் பத்தாயிரம் மீட்டரை 31 நிமிடம் 19 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2014 வரை நின்றது.

பத்தாயிரம் மீட்டர் என்றால் 25 சுற்று. அவ்வளவுக்கும் உடம்பு எதை எரிக்கிறது? சோறும் கிழங்கும் கிளைக்கோஜன் என்ற சத்தாக மாறித் தசையிலும் ஈரலிலும் ஏறக்குறைய அரைக் கிலோ தங்கியிருக்கும். வேகமாக ஓட அதுதான் முதல் விறகு. கொழுப்பும் எரியும், ஆனால் அதே சக்திக்கு மூச்சுக்காற்று அதிகம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் அம்மையாரின் குழு சிறந்த நடைப்போட்டி வீரர்களை மூன்று வாரம் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. மாவுச்சத்தை ஒதுக்கியவர்கள் கொழுப்பை நன்றாக எரித்தார்கள். ஆனாலும் பத்துக் கிலோமீட்டரில் அவர்கள் நேரம் குறையவில்லை. மாவுச்சத்து உண்டவர்கள் முன்னேறினார்கள்.

"எடை குறைந்ததே, சார்?" என்றான் பையன். கிளைக்கோஜன் ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். முதல் வாரத்தில் இறங்கியது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான்.

வெள்ளைச் சோற்றைக் குறைக்கச் சொல்வது வேறு காரணத்துக்கு. 2016இல் சிங்கப்பூர் அரசு இனிப்பு நீருக்கு எதிராகப் போரே அறிவித்தது. நம்மவர்களிடம் அந்நோய் அதிகம். மேசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தும் என் தட்டிலும் இப்போது பாதிச் சோறுதான்.

தாய்மார்களே, அப்பாவுக்குக் குறைக்கிற அகப்பையாலேயே மகனுக்கும் குறைத்துவிடாதீர்கள். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு சோறோ இட்லியோ கொடுங்கள். எண்ணெய்க் கறி வேண்டாம். ஓடி வந்ததும் வாழைப்பழம், பிறகு சோறும் பருப்பும் மீனும். அப்பா சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவரானால், மருத்துவரைக் கேட்காமல் அவர் சோற்றையும் திடீரென நிறுத்தாதீர்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம்.

அந்தப் பையன் இப்போது பசியாறிவிட்டுத்தான் திடலுக்கு வருகிறான்.