துரை பங்களாவின் பழந்தளபாடங்கள்

மலைநாட்டில் பழைய சாமான் வியாபாரம் செய்வோர் சிலருக்கு இரண்டு நாவுகள் உண்டு. விற்கும் நாவு, "ஒல்லாந்தர் காலத்துக் கதிரை ஐயா, இனிக் கிடைக்காது" என்னும். வாங்கும் நாவு, "உளுத்த பலகை அம்மா, விறகுக்குத்தான் ஆகும்" என்னும். கதிரை என்னவோ ஒன்றுதான்! இவ்விரு வார்த்தைகளுக்கும் நடுவே உண்மையைக் காணும் வழியை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் காலக்கணக்கு. போர்த்துக்கேயரை 1658இல் வெளியேற்றிய ஒல்லாந்தர் 1796 வரை கரையோரத்தை ஆண்டனர். மலைநாடோ 1815 வரை கண்டி மன்னர் வசமிருந்தது. அதன்பின் ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழிக்கவே தேயிலை மலைகளை மூடிற்று. புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடைப்பட்ட வட்டகொடை அப்பாதையிலேயே உள்ளது. ஆகவே இப்பகுதித் துரை பங்களாக்களிலிருந்து வெளிவரும் தளபாடங்களிற் பெரும்பாலானவை விக்டோரியா மகாராணி காலத்தனவோ அதற்குப் பிந்தியனவோதாம். கரையோர வீடொன்றிலிருந்து ஒல்லாந்தக் கதிரை மலையேறி வந்திருக்கலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கும் கடமை அவ்வாறு சொல்பவருடையது. உண்மையான ஒல்லாந்தர் காலத்து வேலைப்பாட்டைக் காண விரும்பும் மாணவர்கள், 1757இல் கட்டி முடிக்கப்பட்ட கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்துக்குச் சென்று அங்குள்ள பழைய கதிரைகளைப் பார்த்து வரலாம்.

வேடிக்கை ஒன்று சொல்வோம். கதிரை பழையதோ புதியதோ, அதன் பெயர் மிகப் பழையது. கதிரை, மேசை, அலுமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. நம் வாயிலேயே ஒரு நூதனசாலை இருக்கிறது!

இனிப் பொருளுக்கு வருவோம். முகப்பைப் பார்த்து மயங்கற்க. கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். அலுமாரியின் முதுகைப் பாருங்கள். லாச்சியை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். மறைவிடத்தில் தச்சன் பொய் சொல்வதில்லை. கைவாளால் அறுத்த பலகையில் கோடுகள் ஏறக்குறைய நேராக, ஒழுங்கற்ற இடைவெளியோடு காணப்படும். இயந்திர வட்டவாள் வில்போல் வளைந்த கோடுகளை விட்டுச் செல்லும். விரல்களைக் கோத்தாற்போல் பல்லுப் பல்லாகப் பொருத்திய லாச்சி மூலையில், கைவேலையாயின் ஒரு பல் அகன்றும் ஒரு பல் ஒடுங்கியும் இருக்கும். பற்கள் யாவும் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருந்தால் அது பெரும்பாலும் இயந்திர வேலை. திருகாணியைக் கழற்றிப் பார்ப்பதும் நன்று: 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியவற்றின் நுனி மழுங்கியிருக்கும், கூர்நுனித் திருகாணி அதன் பின்னரே பரவலாயிற்று. ஆயினும் பழைய ஆணியைப் புதிய பலகையில் அடிக்கும் கெட்டிக்காரரும் உளராதலின், ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது.

மாணவர்கள் நாடாவொன்றை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம். மரம் காய்ந்து சுருங்கும்போது நார் ஓடும் திசையில் ஏறக்குறைய சுருங்குவதேயில்லை; குறுக்கே சுருங்கும். ஆதலால் பழைய வட்ட மேசையை இரு திசையிலும் அளந்தால் சிறு வேறுபாடு தெரியும். நூறாண்டு கண்டதென்று சொல்லப்படும் மரப்பலகை மேசை அணுவும் பிசகாத வட்டமாயிருந்தால் நாம் ஐயுறுவோம்.

தோட்டத்துரைமார் கால்களை நீட்டிப் போட்டுக்கொள்ள வாய்ப்பாகக் கைகள் நீண்ட சாய்மனைக் கதிரையில் பிரம்பைக் கவனியுங்கள். சட்டத்தில் துளைகள் இட்டுக் கையாற் பின்னியது பழைய முறை. ஆயத்தமாகப் பின்னிய பிரம்புத் தாளைக் காடியில் அழுத்தி ஒட்டியிருந்தால் அது பிந்தியது, அல்லது பழுதுபார்த்தது. பழுதுபார்த்தது குற்றமன்று, பிரம்பு தேயும் பொருள்.

மரத்தின் பெயரிலும் ஏமாற்று நடக்கிறது. கருங்காலியின் வைரம் நீரில் அமிழும் கனமுடையது. மற்ற மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால், கண்ணிற் படாத அடிப்புறத்தில் ஊசியாற் சிறிது கீறினால் உள்நிறம் வெளிப்படும். முதிரை பொன்னிறம், பலா இளமையில் மஞ்சளாயிருந்து முதுமையிற் கபில நிறம் கொள்ளும். கறுப்பும் கபிலமும் வரிவரியாய் ஓடும், சிங்களத்தில் களுமெதிரிய எனப்படும் மரம் அருகிப் போய்விட்டதால் அதன் பெறுமதி மிக அதிகம்.

இல்லத்தரசிகளிடம் ஒரு விண்ணப்பம். தீபாவளிக்கு வீடு வெளுக்கும்போது பழைய மேசையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கும் வார்னிஷ் பூசிவிடாதீர்கள். பல தலைமுறைக் கைகள் பட்டுப் படிந்த அந்த மங்கிய மெருகுக்கே அறிந்தவர்கள் பணம் கொடுக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதில் அதைத் தேய்த்தெடுத்து விடலாம். மீண்டும் உண்டாக்க எவராலும் இயலாது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் பயணமான குடும்பங்கள், தலைமன்னாரிற் கப்பலேறுமுன் எடுத்துச்செல்ல இயலாதவற்றை வந்த விலைக்குக் கொடுத்துச் சென்றன. அவசரத்தில் விற்பவனுக்கு விலை சொல்லும் உரிமை இல்லை. இன்றும் பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்க நேருங்கால், முதலில் வந்தவரிடமே முடித்துவிடாமல் ஒருவரையொருவர் அறியாத இருவரிடமேனும் விலை கேளுங்கள். எந்தப் பங்களாவிலிருந்து, எவர் கைக்கு, எந்த ஆண்டு வந்தது என்பதைப் பாட்டனார் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடு கூடிய கதிரைக்கு ஒரு விலை, ஊர்பேர் அறியாத கதிரைக்கு வேறு விலை. வெளிநாட்டார் வாங்க முன்வந்தால், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டமும் உண்டென்பதை மறவற்க. அனுமதிப்பத்திரமின்றிப் பண்பாட்டுப் பொருளை நாடு கடத்துதல் குற்றம்.

லயத்தில் சாய்மனைக் கதிரை ஏது என்று சில வாசகர் நகைக்கக்கூடும். லயத்தின் தளபாடம் தேயிலைப் பெட்டியன்றோ! கவிழ்த்தால் மேசை, நிமிர்த்தினால் அலுமாரி. காகிதப் பைகள் வந்தபின் அதுவும் அரிதாகிவிட்டது. தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் அச்சிட்ட பக்கம் அழியாதிருக்கும் பெட்டியை அடுப்புக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருப்பது அலுமினியத் தாளாயின் வெண்மையாய் மினுங்கும். மிகப் பழைய பெட்டியில் மங்கலாக, நகத்தாற் கீறினாற் பள்ளம் விழுமளவு மென்மையாக இருந்தால் அது ஈயம். அத்தகைய பெட்டியில் அரிசி, பருப்பு வைக்கலாகாது.