நம்ம ஊர் மலை எரிமலையா?

குட்டீஸ், சங்ககிரி மலையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? சமவெளியில் திடீரென்று எழும்பி நிற்கும். ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புத் தம்பி அதைக் காட்டி, "அங்கிள், இது பழைய எரிமலைதானே? மறுபடி வெடிக்குமா?" என்று கேட்டான். கண்ணில் பாதி பயம், பாதி ஆசை!

வெடிக்காது தம்பி. அது எரிமலையே இல்லை.

நிஜ எரிமலையைப் பார்க்க அந்தமான் கடலுக்குப் போக வேண்டும். அங்கே உள்ள பாரன் தீவுதான் இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. கடலுக்கு மேலே சுமார் 350 மீட்டர்தான் தெரியும். அடிவாரமோ இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கடலடியில்! ஒருமுறை நெருப்புக் குழம்பு வழியும். இன்னொரு முறை சாம்பலும் கல்லும் கொட்டும். தோசை மேல் தோசை அடுக்கினாற்போல இப்படி வளர்வதால் இதற்கு அடுக்கு எரிமலை என்று பெயர். 1787ல் இது வெடித்ததாகக் குறிப்பு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஓய்ந்துபோன எரிமலை, 1991ல் விழித்துக்கொண்டது. 2025 செப்டம்பரிலும் புகைந்தது. மனிதர்கள் யாரும் அங்கே குடியில்லை. ஆடுகள் மட்டும் திரிகின்றன. (அவற்றின் தைரியம் நமக்கு வராது!)

நமது நாட்டைச் சுமக்கும் பூமித்தட்டு, அந்தமான் பக்கம் இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. அந்த ஆழத்தில் பாறை உருகி மேலே வருகிறது. சேலமும் நாமக்கல்லும் தட்டின் விளிம்பில் இல்லை. அதனால் கவலையில்லாமல் தூங்கலாம்.

ஆனால் நம் ஊரிலும் ஒருகாலத்தில் நெருப்புக் குழம்பு இருந்தது. அது வெளியே வராமல் பூமிக்குள்ளேயே மெல்ல ஆறி உறைந்தது. மேலே மூடியிருந்த பாறைகளை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துவிட, உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது. சங்ககிரிப் பாறை அப்படித்தான் வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை. அதன் பெயர் அனார்த்தசைட். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்! நிலாவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டு நிலமும் இதே வகைப் பாறைதான். பாட்டி வடை சுடுவதாகச் சொல்கிறோமே, அந்தக் கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த இடங்கள்.

சந்திரயான்-2க்கு ஒத்திகை பார்க்க, இஸ்ரோவுக்கு நிலா மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் செலவு அதிகம். சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை உடைத்துப் பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டு போனார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறையும் உதவியது. 2023 ஆகஸ்ட் 23ல் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது நாமக்கல்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதில் தப்பே இல்லை!

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. பள்ளிச் சுற்றுலா என்றால் ஊட்டி, கொடைக்கானல்தானா? சித்தம்பூண்டிக்கு எத்தனை பள்ளிகள் போயிருக்கும்? கல் உடைக்கும் தொழில் நிறைந்த மாவட்டம் இது. வீடு கட்ட ஜல்லி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஜல்லிக்கு வேறு பாறை கிடைக்கும். நிலாப் பாறை உடைந்து தீர்ந்தால் திரும்பக் கிடைக்காது. திருவக்கரைக் கல்மரங்களையும் சென்னைப் பரங்கிமலைப் பாறையையும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களாக மதிக்கிறோம். சித்தம்பூண்டிக்கும் அந்த மதிப்பு பொருந்தும் என்பது என் கருத்து.

இந்த வருடச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று உங்கள் வகுப்பாசிரியர் கேட்டால், சித்தம்பூண்டி என்று சொல்லிப் பாருங்கள். "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பார். பதில்தான் உங்களுக்குத் தெரியுமே!